இருக்கைக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்: பவள் முதல் எம்-ஏடிவி வரை

கண்ணிவெடி தாங்கும் வண்டி என்றதும் பேச்சு வெளிப்பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தகடு எத்தனை மில்லிமீட்டர், அடிப்பாகம் எவ்வளவு கூராக இறங்குகிறது, எத்தனை கிலோ வெடிமருந்துக்குத் தாங்கும் என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கதவைத் திறந்து உள்ளே ஏறினால் கேட்க வேண்டியவை வேறு. கால் எதன் மேல் இருக்கிறது? முதுகு எதில் சாய்கிறது? இருக்கை எதில் மாட்டியிருக்கிறது? தோட்டாப் பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் எங்கே போகின்றன? கவச உடுப்போடு உட்கார்ந்தவருக்கு பெல்ட்டின் பக்கிள் கைக்கு எட்டுகிறதா? தகடு கொஞ்சமும் கிழியாமல் நின்று, உள்ளே இருந்தவரின் குதிகாலும் முதுகெலும்பும் மட்டும் நொறுங்கிப் போவது இந்த வண்டிகளில் நடக்கக்கூடியதுதான். அதற்கான விடை உள்ளறையில் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று வண்டிகளின் உள்ளறையை: தென்னாப்பிரிக்காவின் பஃபல், அதே நாட்டின் காஸ்பிர், அமெரிக்காவின் ஓஷ்காஷ் எம்-ஏடிவி. நடுவில் கூகரும் வரும். பஃபல் என்றால் புரியாத ஈழத்து வாசகருக்கு 'பவள்' என்றால் உடனே புரியும். 1980களில் இலங்கை இராணுவம் வாங்கி வந்த வண்டிதான் அது. பிறகு யூனிகோர்ன், யூனிபஃபல் என்று அங்கேயே அதை ஒட்டி வண்டிகள் செய்தார்கள். பஃபல் என்பது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எருமை.

அடி எப்படி வருகிறது

வண்டிகளை எடைபோடும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். அடியில் வெடித்தால் உள்ளே இருப்பவருக்கு அடி மூன்று தவணையாக விழுகிறது. முதல் சில மில்லிநொடிகளில் தரைத்தகடு மேல்நோக்கிப் புடைக்கிறது. அதன் மேல் ஊன்றியிருக்கும் பாதம் அந்த அடியை வாங்குகிறது. அடுத்து வண்டி முழுவதும் மேலே தூக்கப்படுகிறது. இருக்கை இடுப்பைக் கீழிருந்து குத்த, முதுகெலும்பு நசுங்குகிறது. மூன்றாவது, தூக்கிய வண்டி திரும்பத் தரையில் விழும் அடி. முதல் அடியிலேயே முழுக்க இறங்கிவிட்ட இருக்கைக்கு இந்த மூன்றாவது அடியைத் தாங்க மிச்சம் ஒன்றும் இருக்காது. நல்ல இருக்கைக்கும் சுமாரான இருக்கைக்கும் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இங்கேதான்.

நேட்டோவின் ஸ்டானாக் 4569 தரத்தில் இரண்டாம் நிலைக்கு 6 கிலோ, மூன்றாம் நிலைக்கு 8 கிலோ, நான்காம் நிலைக்கு 10 கிலோ வெடிமருந்து. நிலை எண்ணுக்குப் பின் ஏ என்று இருந்தால் சக்கரத்துக்கு அடியில் வெடிப்பது, பி என்றால் வயிற்றுக்கு அடியில். விற்பனைத் தாளில் வெறும் 'நிலை 4' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த எழுத்து என்று கேட்டே ஆக வேண்டும். சோதனை முறையைச் சொல்லும் ஏஇபி-55 ஆவணம் தகட்டோடு நின்றுவிடுவதில்லை, உள்ளே உட்கார வைத்த பொம்மையையும் அளக்கிறது. முழங்காலுக்குக் கீழ் எலும்பில் அமுக்கம் 5.4 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. முதுகெலும்புக்கு டிஆர்ஐ எனும் குறியீடு 17.7க்குள் இருக்க வேண்டும். இந்த டிஆர்ஐ போர் விமானத்தின் வெளியேற்று இருக்கைக்காக உருவான கணக்கு. வண்டிக்காரர்கள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். விமானத்தில் விசை வருவது இன்னும் நிதானமாக என்பதால் இந்தப் பொருத்தம் முழுமையானதல்ல. ஆனாலும் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடப் போதும்.

இருக்கை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வண்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே தூக்கப்படுகிறது என்று வைப்போம். இருக்கை 15 செ.மீ. சீராக இறங்கிக்கொடுத்தால் உடல் உணரும் முடுக்கம் சுமார் 8.5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல எட்டரை மடங்கு. அந்த 15 செ.மீ.க்குப் பதில் 3 செ.மீ.தான் இறங்க முடிந்தது என்றால் 42 ஜி. ஒரு சென்டிமீட்டர் என்றால் 127 ஜி. வண்டி, வெடி, ஆள் எல்லாம் அதேதான். மாறியது இறங்கும் தூரம் ஒன்றுதான். கீழே வரும் ஒவ்வொரு குறையையும் இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பவள்: நடுவில் முதுகோடு முதுகு

பஃபல் 1978இல் வந்தது. மெர்சிடிஸ் யூனிமாக் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் வி வடிவத் தொட்டி ஒன்றைத் தூக்கி வைத்த அமைப்பு. முன்னால் இடப்பக்கம் ஓட்டுநருக்குத் தனிக் கூண்டு, வலப்பக்கம் எஞ்சின், பின்னால் திறந்த தொட்டியில் பத்துப் பேர். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. இரண்டும் வண்டியின் நடுக்கோட்டில் முதுகோடு முதுகு ஒட்டி, முகம் வெளியே பார்த்தபடி.

இந்த உட்காரும் முறைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். கண்ணிவெடி பெரும்பாலும் சக்கரம் ஏறித்தான் வெடிக்கிறது. நடுக்கோட்டில் இருப்பவர் சக்கரத்திலிருந்து விலகி இருக்கிறார். எதிரெதிர் முழங்கால்கள் இடித்துக்கொள்வதில்லை. பக்கத் தகடுகள் கீல் போட்டு வெளிப்புறம் மடங்கி இறங்குவதால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் குதிக்க முடியும். ஒற்றைக் கதவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை, தனி வார்ப்பட்டை. அந்தக் காலத்தில் வேறு பல படைகள் தகர லாரியின் மரப் பலகையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன.

சரக்கு வைக்கும் முறையிலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. வி தொட்டியின் கூரான அடிப்பகுதியில் ஆளும் உட்கார முடியாது, பெட்டியும் நிற்காது. அந்த வீணான ஆப்பு வடிவ இடத்தில் 200 லிட்டர் டீசல் தொட்டியையும் 100 லிட்டர் குடிநீர்த் தொட்டியையும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்தார்கள். திரவத்தின் கனம் அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கிழிந்தாலும் உலோகச் சில்லாகப் பறக்காது. சக்கரங்களுக்குள்ளும் தண்ணீர் நிரப்பி ஓட்டினார்கள், அதே காரணத்துக்காக. பத்துப் பேருக்கான குடிநீர் காலுக்குக் கீழே பத்திரமாக இருந்ததால் கேன்கள் தொட்டிக்குள் உருளவில்லை. இதைவிட நல்ல தண்ணீர் ஏற்பாடு பின்னால் வந்த பல விலை உயர்ந்த வண்டிகளில்கூட இல்லை.

பெரிய குறை உயரம். உட்காரும் தட்டே தரையிலிருந்து வெகு மேலே. சுமார் 2 மீட்டர் அகலத்துக்கு 3 மீட்டர் உயரம் என்பதால் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலோ, ஒரு சக்கரம் வெடித்துப் போனாலோ, வண்டி சாயும். மேலே திறந்த தொட்டி. பட்டை போட்டவர், வண்டி கவிழ்ந்தால் தாங்கும் மேற்கம்பிக்குக் கீழே இருப்பார். போடாதவர் வெளியே எறியப்பட்டு, அந்த வண்டிக்கு அடியிலேயே போவார். பவளில் வார்ப்பட்டை கண்ணிவெடிக்கு மட்டும் அல்ல, தினசரி ஓட்டத்துக்கே உயிர். வேகமாகக் குதிக்க வேண்டியிருக்குமே என்று பட்டையை அவிழ்த்துவிட்டு உட்காரும் பழக்கம் இந்த வண்டியில் மிகக் கெட்ட பழக்கம்.

இன்னொரு குறை மூட்டை முடிச்சு. பத்துப் பேரின் முதுகுப் பைகளுக்கு என்று முறையான இடம் தொட்டிக்குள் இல்லை. பை காலுக்கு முன்னால் போகும். அல்லது இருக்கைக்கு அடியில் திணிக்கப்படும். இந்த இரண்டாவது வழக்கம் அப்படியே அடுத்த தலைமுறை வண்டிகளுக்கும் ஏறி வந்தது.

காஸ்பிர்: சுவரோரம் சுற்றி

தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் எஸ்ஏபி, அந்நாட்டு அறிவியல் ஆய்வு மன்றத்தின் சிஎஸ்ஐஆர் ஆகிய எழுத்துகளை மாற்றிப் போட்டுச் செய்த பெயர் காஸ்பிர். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் போகப் பின்னால் பன்னிரண்டு பேர். இங்கே அடிச்சட்டம் தனி, தொட்டி தனி என்ற பிரிவு இல்லை. வண்டி முழுவதும் ஒரே வி கூடு. சக்கரத்துக்கு அடியில் மூன்று டிஎம்-57 எனும் சோவியத் டாங்கி எதிர்ப்புக் கண்ணிகள், வயிற்றுக்கு அடியில் இரண்டு என்பது வடிவமைப்பு இலக்கு. இந்திய இராணுவமும் காஸ்பிரை வாங்கியது. தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் செய்யப்படும் ஆதித்யா அந்த வம்சம்.

இருக்கைகள் இரு சுவரோரமும், முகம் உள்நோக்கி. உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால் சுவர், தலைக்குப் பின்னால் கண்ணாடி. பவளோடு ஒப்பிட்டால் சாய்வதற்கு வசதி. நடுவில் நடைபாதை கிடைப்பதால் ஒருவர் எழுந்து கூரை வழியாகப் பார்க்கலாம். பின்னால் இரண்டு கதவுகள். ஓட்டுநர் காற்றழுத்தத்தில் திறக்கலாம். இறங்குவது இப்போது வரிசையாகத்தான். அந்த நடைபாதையில் கிடக்கும் ஒரே ஒரு பை பன்னிரண்டு பேரின் வழியை மறிக்கும். காஸ்பிரில் மற்றவை எல்லாம் சுமாராக இருந்தாலும் நடைபாதையை மட்டும் காலியாக வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பக்கவாட்டு இருக்கையின் நிரந்தரக் குறை: முன்னால் மோதினால் உடல் பக்கவாட்டில் எறியப்படும். நான்கு முனைப் பட்டை தோளை முன்பின்னாகப் பிடிக்கவே செய்யப்பட்டது. பக்கவாட்டில் அது பெரிதாக உதவாது, கழுத்து அடி வாங்கும். கண்ணிவெடியைவிடச் சாலை மோதல் அதிகம் நடக்கும் இடங்களில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூகர்: இருக்கையையே மாற்ற வேண்டி வந்த வண்டி

ஈராக்கில் 2007இல் அமெரிக்கா அவசர அவசரமாக இந்த வகை வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கத் தொடங்கியபோது முதலில் கைக்கு வந்தவற்றில் கூகர் ஒன்று. நான்கு சக்கரம், ஆறு சக்கரம் என்று இரண்டு. ஆறு சக்கர வண்டியைத்தான் பிரிட்டன் மாஸ்டிஃப் என்று ஓட்டியது. கூட்டின் உறுதி பற்றிக் கேள்வியே எழவில்லை. ஆனால் பின்னாளில் அமெரிக்க மரைன் படை இருக்கைகளைக் கழற்றி, அதிர்வை வாங்கும் வேறு இருக்கைகளைப் போடும் திட்டத்தைத் தொடங்கியது. கதவுகளையும் பின் படிகளையும் மாற்றும் திட்டம் தனியாக வந்தது. வெளித்தகட்டுக்குக் கொடுத்த யோசனையை முதலிலேயே உள்ளறைக்கும் கொடுத்திருந்தால் இந்த இரட்டைச் செலவு வந்திருக்காது.

எம்-ஏடிவி: ஐந்து பேர், ஐந்து பேருக்கே

2009 ஜூனில் ஓஷ்காஷுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைக்கு எனச் சிறிதாகச் செய்த வண்டி: முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் கூரைத் துப்பாக்கியை இயக்கும் கன்னர். நால்வரும் முன்னோக்கி உட்கார்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொந்தக் கதவு. பட்டை தனக்குச் செய்யப்பட்ட திசையில் வேலை செய்கிறது. இறங்க யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. உட்காரும் முறையில் நமது முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

அதைவிடப் பாராட்ட வேண்டியது பின்புறத் திறந்த சரக்குத் தட்டு. ஆட்கள் இருக்கும் கவசக் கூண்டு ஒன்று. மூட்டை முடிச்சு போகும் இடம் அதற்கு வெளியே வேறொன்று. இழுவைப் பட்டை, சங்கிலி, உதிரி உபகரணம், உணவுப் பெட்டி, பெரிய பைகள் எல்லாம் பின்னால். அங்கே கிடக்கும் ஜாக்கி வெடியில் பறந்தாலும் உள்ளே இருப்பவர் தலையில் விழாது. சுமார் 1.8 டன் சுமக்கலாம் என்பது கணக்கு. இதில் ஆட்களும் தோட்டாவும் சேர்த்தி என்பதை ஏற்றுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குறை என்னவென்றால் கூண்டுக்குள் இடம் மிகக் குறைவு. ரேடியோ, எதிரியின் ரேடியோ அலையைத் தடுக்கும் ஜாமர், திரைகள், அவற்றின் வயர்கள் எல்லாம் உள்ளேதான் இருக்க வேண்டும். பின் இருக்கைக்காரரின் முழங்காலுக்கும் ஏதாவது ஒரு பெட்டியின் மூலைக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். நடுவில் கன்னரின் கால்கள். ஆறாவது ஆளை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று நடுவில் பையின் மேல் உட்கார வைத்தால் அவருக்கு இருக்கையும் இல்லை, பட்டையும் இல்லை. கவிழ்ந்தால் மற்ற ஐவர் மேலும் விழப்போகும் நூறு கிலோ எடை அவர்.

இருக்கையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்

புதிய வகை இருக்கை தரைத்தகட்டில் கால் ஊன்றுவதில்லை. கூரையிலிருந்து தொங்கும், அல்லது சுவரின் விலா எலும்பு போன்ற சட்டத்தில் மாட்டும். தரை புடைத்தாலும் அந்த அடி நேராக இடுப்புக்கு வரக் கூடாது என்பதே நோக்கம். இருக்கைத் தட்டுக்கும் மாட்டும் சட்டத்துக்கும் நடுவில் அதிர்வைத் தின்னும் பகுதி: சிலவற்றில் வளைந்து நீளும் எஃகுப் பட்டை, சிலவற்றில் குழாய்க்குள் குழாய் நசுங்கி இறங்கும் அமைப்பு, சிலவற்றில் எண்ணெய் டேம்பரும் ஸ்பிரிங்கும். பட்டை வகை மலிவு, எளிது, ஒருமுறை இறங்கினால் முடிந்தது. ஸ்பிரிங் வகை திரும்ப மேலே வருவதால், வண்டி விழும் மூன்றாவது அடிக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறது. விலையும் பராமரிப்பும் கட்டுப்படியானால் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

எடை ஒரு சிக்கல். 80 கிலோ ஆளுக்கு 12 ஜியில் இறங்கத் தொடங்கும்படி வைத்த இருக்கையில் 55 கிலோ ஆள் உட்கார்ந்தால், அது 17 ஜி தாண்டித்தான் அசையும். அதே இருக்கையில் 110 கிலோ என்றால் சுலபமாக இறங்கும், ஆனால் அதே வேகத்துக்கு 11 செ.மீ.க்குப் பதில் 15 செ.மீ. வேண்டும்; அவ்வளவு இடம் இல்லாவிட்டால் அடியில் போய் முட்டும். கவச உடுப்பு, தகடு, தோட்டாக் கூடு எல்லாம் சேர்த்து ஒரு சிப்பாய் 25, 30 கிலோவை உடம்பில் சுமக்கிறார்; அதில் பெரும்பகுதி தோளில் தொங்கி முதுகெலும்பு வழியாகவே இறங்குகிறது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை கிலோ வரை தாங்கும்' என்பதல்ல. 'எந்த எடையிலிருந்து எந்த எடை வரைக்குச் சோதித்தீர்கள், உடுப்போடா, இல்லாமலா' என்பது.

கால்தாங்கி இருக்கையோடு சேர்ந்தே இருக்க வேண்டும், தரையோடு அல்ல. அது இல்லாத வண்டிகளில் தரைக்கு மேல் நொறுங்கும் பாய் போடுகிறார்கள். ஆப்கானிஸ்தானில் ஓடிய பல வண்டிகளில் ஸ்கைடெக்ஸ் பாய்கள் போடப்பட்டன. இரட்டைக் குமிழ் குமிழாக வார்த்த பிளாஸ்டிக். குமிழ் நசுங்கும்போது பாதத்துக்கு வரும் அடி குறைகிறது. இதன் எதிரி சேறும் கூழாங்கல்லும். குமிழுக்குள் மண் இறுகினால் பாய் வெறும் பலகை. மாதம் ஒருமுறையாவது தூக்கி அடித்துக் கழுவ வேண்டும். பாயைத் தூக்காமல் மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அடியில் மண் இன்னும் கெட்டிப்படும்.

உட்கார்ந்தவர் செய்யும் தவறுகளில் மோசமானது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்வது. நீண்ட ஓட்டத்தில் யாருக்கும் வரும் பழக்கம். இருக்கை இறங்கினால் முதலில் இறங்குவது அந்தக் கணுக்கால் மேல்தான்.

சாமான் வைக்கும் முறை

இங்கேதான் மூன்று வண்டிகளும் ஒரே இடத்தில் தோற்கின்றன. தோற்கடிப்பது பெரும்பாலும் ஏற்றுகிறவர்கள்.

அமெரிக்காவின் எம்2ஏ1 தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 12.7 மி.மீ. தோட்டா நூறு அடங்கும், நிரம்பினால் சுமார் 16 கிலோ, உயரம் சுமார் 19 செ.மீ. இருக்கைத் தட்டின் அடிப்புறம் தரையிலிருந்து 22 செ.மீ. இருந்தால் பெட்டி கச்சிதமாக நுழைகிறது. அழகாக அடுக்கிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் 15 செ.மீ. இறங்க வேண்டிய இருக்கைக்கு இப்போது மிச்சம் 3 செ.மீ. மேலே போட்ட கணக்கில் 8.5 ஜி என்பது 42 ஜி ஆகிறது. கூடவே, தரை புடைக்கும்போது அந்த எஃகுப் பெட்டி சுத்தியல் மாதிரி மேலே வந்து இறங்கிக்கொண்டிருக்கும் தட்டை எதிர்கொள்கிறது. பல லட்சம் செலவில் செய்த இருக்கையை ஒரு தோட்டாப் பெட்டி பவளின் காலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீர் பாட்டில் கட்டு, உணவுப் பாக்கெட் அட்டை, சுருட்டிய படுக்கை எல்லாமே இதே கதைதான். மெத்தென்று இருப்பதால் படுக்கை பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். நசுங்கி இறுகியபின் அதுவும் கட்டைதான்.

அந்த இடத்தை யாரும் நிரப்பாமல் இருக்க நல்ல வழி, நிரப்ப முடியாதபடி செய்வது. இருக்கையின் முன்விளிம்பிலிருந்து தரை வரை மெல்லிய துணித்திரை தொங்கவிட்டு, அதில் இறங்கும் தூரத்தைக் கோடு போட்டுக் காட்டலாம். இரும்புக் கம்பி வலை அடிக்கக் கூடாது. அதுவே இறங்குவதைத் தடுக்கும்.

கட்டாமல் விட்ட பொருள் என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பொருள், தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றேகால் மீட்டர் எழும்பும். உட்கார்ந்தவரின் முகம் அந்த உயரத்துக்குள்தான். 16 கிலோ பெட்டி அந்த வேகத்தில் 200 ஜூல். தரையோடு நேராக ஒட்டிக் கிடக்கும் பொருளுக்கு வேகம் இன்னும் கூடும். ஏனென்றால் தரைத்தகட்டின் புடைப்பு வண்டியின் மொத்த எழுச்சியைவிட வேகமானது.

ஆகவே கனமானது கீழே, ஆனால் தரையில் நேராக அல்ல. சட்டத்தில் மாட்டிய தட்டில் வைத்து, ராட்செட் பட்டையால் இரண்டு திசையில் இறுக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் கட்டினால் மேலே போகாது, பக்கவாட்டில் நழுவும். ரப்பர் கொக்கிக் கயிறு வேண்டவே வேண்டாம்: அது இழுபட்டுச் சேமித்த விசையைத் திருப்பித் தரும், கொக்கி கழன்றால் கண்ணுக்கு நேரே பறக்கும். வலை நல்லது, ஆனால் ஓட்டை பொருளைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். கையெறி புகைக் குண்டு நழுவும் வலையை ஏறத்தாழ எல்லா வண்டியிலும் பார்க்கலாம்.

சுவரில் மாட்டுவதற்கு ஒரு நிபந்தனை. கவசத் தகட்டில் நேராக ஓட்டை போட்டு போல்ட் அடிக்கக் கூடாது, ஸ்டட் வெல்டிங் செய்யவும் கூடாது. வெளியே அடி விழுந்தால் போல்ட்டின் தலை அறுந்து உள்பக்கம் தோட்டாவாகப் பறக்கும். வெல்டிங் சூடு அந்த இடத்தில் தகட்டின் கடினத்தையும் கெடுக்கும். உள்ளே இருக்கும் விலாச் சட்டத்தில் பிடிப்பான் போட்டு, சட்டங்களுக்கு நடுவே துணிப் பலகை கட்டி, பைகளை அதில் தொங்கவிடலாம். துணிப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். தகடு உள்வாங்கினால் பையைத் தள்ளாமல் இருக்க.

தலைக்கு மேலே கனமான எதுவும் கூடாது. முதலுதவிப் பை மட்டும் கண்ணுக்கு எதிரே, எந்த இருக்கையிலிருந்தும் ஒரு கையால் பிய்த்து எடுக்கிற மாதிரி. தீயணைப்பான் கதவோரம், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்டும்படி. பெல்ட்டை அறுக்கும் உதிரி வெட்டியை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடி வைக்கிறார்கள். கவிழ்ந்த வண்டியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட நேரம் இருக்காது.

பட்டையும் பக்கிளும்

பெல்ட் பற்றிய புகார் எல்லா வண்டியிலும் ஒன்றுதான்: கவச உடுப்பு போட்டால் நீளம் போதவில்லை. நீட்டிப்புத் துண்டு தருகிறார்கள். அதைப் போட்டால் பக்கிள் வயிற்றுக்கு நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் போய், தோட்டாக் கூட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. தேவை தொடக்கத்திலேயே நீளமான பட்டை. உட்கார்ந்ததும் கண்ணை மூடி, முதலில் வலக்கையால், பிறகு இடக்கையால் பக்கிளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கைக்கு எட்டாவிட்டால் தோட்டாக் கூட்டை நகர்த்தவும், பக்கிளை அல்ல.

மடிப்பட்டை முதலில், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, பிறகுதான் தோள்பட்டை. தோள்பட்டையை முதலில் இறுக்கினால் மடிப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். முதுகில் தண்ணீர்ப் பை மாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அது இடுப்புக்கு மேலே உடலை முன்தள்ளி முதுகெலும்பை வளைக்கிறது, வளைந்த முதுகெலும்பு நேரான முதுகெலும்பைவிடக் குறைந்த விசையில் உடைகிறது. பையைக் கழற்றிப் பக்கத்துச் சட்டத்தில் மாட்டி, குழாயை மட்டும் தோளுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

தலைகீழாகக் கவிழ்ந்தால் பக்கிளில் தொங்குவது முழு உடல் எடை. நேராக அமுக்கினால் திறக்காது, திறந்தால் தலை கூரையில் மோதும். ஒரு கையைக் கூரையில் ஊன்று, பாதங்களை எதிரே ஏதாவதில் உதைத்து எடையைத் தூக்கு, மறு கையால் பக்கிளைத் திற, தோளை உருட்டி இறங்கு. ஈராக்கில் வண்டிகள் கால்வாய்க்குள் உருண்ட பிறகு அமெரிக்கப் படை இதற்கென்றே சுழலும் பயிற்சிக் கூண்டுகளை வைத்தது. வண்டி வாங்கும் எந்தப் படையும் அந்தக் கூண்டையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

திருகித் திறக்கும் சுழல் பக்கிளுக்கு மணல் எதிரி. காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், வெந்நீரில் கழுவி உலர்த்தலாம். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் மணலைப் பிடித்துப் பசையாக்கி, இரண்டே வாரத்தில் பக்கிளை இறுக்கிவிடும். பட்டை ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் தைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றுங்கள்.

பார்வையிடும்போது

இருக்கை மாட்டும் போல்ட்டுகளில் தலையிலிருந்து சட்டம் வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, முறுக்குக் கருவியோடு வந்தால் போதும். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கடையில் கிடைத்த சாதாரணத் தரத்தைப் போட்டவர்கள் உண்டு, தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண்ணைப் பார்த்து, கையேட்டில் சொன்ன அதே தரத்தையே போட வேண்டும்.

அதிர்வு தின்னும் பட்டை கொஞ்சமாவது நீண்டிருந்தால், அல்லது இரண்டு பக்கமும் நீளம் ஒன்றாக இல்லாவிட்டால், இருக்கையை மாற்ற வேண்டும். வெடியில் மட்டுமல்ல, பெரிய பள்ளத்தில் வேகமாக விழுந்தாலும், கனமான பெட்டியைத் தட்டின் மேல் எறிந்து ஏற்றினாலும் அது நகர்ந்திருக்கும். எறிந்து ஏற்றும் பழக்கம் இருக்கும் இடத்தில் புது இருக்கையும் ஆறு மாதத்தில் பாதி இறங்கிக் கிடக்கும். மேலே உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. அளவுகோலை எடுத்து, தட்டின் அடிப்புறத்திலிருந்து தரை வரை நான்கு மூலையிலும் அளந்து, கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிய முதல் நாள் அளவோடு ஒப்பிடுங்கள்.